லேப்டாப்பில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிபி: இரண்டாவது திரை டிடெக்ட் ஆகவே மாட்டேங்குது

நெல்லைப்பையன்:

வணக்கம். ரீஃபர்பிஷ்டு மானிட்டர் ஒன்று வாங்கியிருக்கேன். 24 இன்ச், 1920×1200. பின்னால் டிஸ்ப்ளேபோர்ட் (டிபி), டிவிஐ, விஜிஏ மூன்றும் இருக்கு, எச்டிஎம்ஐ மட்டும் இல்லை. லேப்டாப் விண்டோஸ் 11. அதில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டைப்-சி, இரண்டு சாதா யுஎஸ்பி.

ஒரு முனை டிபி, மறுமுனை எச்டிஎம்ஐ உள்ள 1.8 மீட்டர் கேபிள் வாங்கி மாட்டினால் மானிட்டரில் "நோ சிக்னல்" என்று வந்து உடனே தூங்கிடுது. விண்டோஸ் கீ + பி (P) அழுத்தி எக்ஸ்டெண்ட் கொடுத்தாலும் அசைவில்லை. டிஸ்ப்ளே செட்டிங்கில் டிடெக்ட் அழுத்தினால் வேறு திரை எதுவும் இல்லை என்கிறது. டிரைவரைக் கழற்றித் திரும்பப் போட்டும் அதே கதைதான்.

குழப்பம் என்னன்னா, இதே கேபிளை ஆபீஸ் டெஸ்க்டாப்பின் டிபி-யில் போட்டு டிவியில் மாட்டினால் படம் பளிச்சுன்னு வருது. அப்போ கேபிள் நல்லதுதானே? டைப்-சி டு டிபி கேபிளும் போட்டுப் பார்த்தாச்சு, அதுவும் இல்லை. எச்டிஎம்ஐ டு விஜிஏ அடாப்டர் போட்டால் மட்டும் படம் வருது, அதுவும் 1024×768, எழுத்தெல்லாம் கொழகொழன்னு.

மானிட்டரின் டிபி போர்ட் செத்துப்போச்சுன்னு எடுத்துக்கலாமா? மாற்றிக்கொள்ள 7 நாள்தான் டைம். இன்னொன்று, கேபிள் செருகும்போது கனெக்டரின் உலோகத்தில் கை பட்டால் லேசா சுர்ருங்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?


மின்கம்பி:

கேபிளும் நல்லது, மானிட்டரும் பெரும்பாலும் நல்லதாகத்தான் இருக்கும். திசைதான் தப்பு.

அது ஒருவழிக் கேபிள். கம்ப்யூட்டர் பக்கம் டிபி, திரை பக்கம் எச்டிஎம்ஐ என்று இருந்தால்தான் வேலை செய்யும். ஆபீஸில் நீங்கள் போட்டது அந்தத் திசையில். வீட்டில் போடுவது தலைகீழாக.

காரணம் இதுதான். டெஸ்க்டாப்பில் உள்ள டிபி போர்ட்டுகள் பெரும்பாலும் "டிபி பிளஸ் பிளஸ்" வகை. மறுமுனையில் எச்டிஎம்ஐ அடாப்டர் இருப்பதை அந்த போர்ட் உணர்ந்துவிட்டால், டிபி பாக்கெட்டுகளை நிறுத்திவிட்டு எச்டிஎம்ஐ சிக்னலையே நேரடியாக அனுப்பத் தொடங்கும். கேபிள் முனைக்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் வோல்டேஜ் அளவைச் சரிக்கட்டுவதோடு சரி. ஒரு வகை சிக்னலை இன்னொரு வகையாக மாற்றும் வேலை அங்கே நடப்பதே இல்லை.

உங்கள் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு டிபி தெரியாது. மானிட்டரின் டிபி போர்ட்டுக்கு எச்டிஎம்ஐ தெரியாது. லேப்டாப், எதிரே என்ன மானிட்டர் இருக்கிறது என்று கேட்பது எச்டிஎம்ஐயின் 15, 16-வது பின் வழியாக. அந்த இரண்டு கம்பியில்தான் மானிட்டரின் பெயர், தயாரிப்பு விவரம், தாங்கும் ரெசல்யூஷன் எல்லாம் அடங்கிய 128 பைட் தகவல், அதாவது ஈடிஐடி, வர வேண்டும். டிபி மானிட்டர் அதே தகவலை ஆக்ஸ் என்ற தனி சானலில் தரக் காத்திருக்கிறது. கேட்பவர் ஒரு வாசலில், சொல்பவர் இன்னொரு வாசலில். தகவலே வராதபோது விண்டோஸைப் பொறுத்தவரை அங்கே மானிட்டரே இல்லை. டிடெக்ட் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும், டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இருக்காது.

எச்டிஎம்ஐ லேப்டாப்பிலிருந்து டிபி மானிட்டருக்குப் போக ஆக்டிவ் கன்வர்ட்டர் வேண்டும். பார்த்தாலே தெரியும்: எச்டிஎம்ஐ முனையிலிருந்து கூடுதலாக ஒரு யுஎஸ்பி வால் தொங்கும். உள்ளே இருக்கும் சிப்புக்கு 5 வோல்ட் அதிலிருந்துதான் வருகிறது. எச்டிஎம்ஐ போர்ட்டின் 18-வது பின்னிலும் 5 வோல்ட் உண்டு. ஆனால் அதில் 55 மில்லிஆம்பியர் கொடுத்தால் போதும் என்பதே விதி, கன்வர்ட்டருக்கு அது எந்த மூலைக்கு? கடையில் கேட்கும்போது "எச்டிஎம்ஐ இன், டிபி அவுட், ஆக்டிவ்" என்று மூன்றையும் சொல்லுங்கள். "இது ரெண்டு பக்கமும் ஓடும் சார்" என்று சொல்லி யுஎஸ்பி வால் இல்லாத கேபிளைக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

ஆனால் உங்களுக்கு அந்தச் செலவே தேவையில்லை. மானிட்டரில் டிவிஐ இருக்கிறதே. எச்டிஎம்ஐ டு டிவிஐ-டி (டிஜிட்டல் மட்டும் உள்ள டிவிஐ) கேபிள் சில நூறு ரூபாய்தான். இரண்டிலும் வீடியோ சிக்னல் ஒரே வகை, கம்பிக்குக் கம்பி நேர் இணைப்பு, சிப்பே வேண்டாம். 1920×1200-ஐ 60 ஹெர்ட்ஸில் ஓட்ட, குறைந்த பிளாங்கிங் டைமிங்கில் பிக்சல் கிளாக், அதாவது திரைப் புள்ளிகளை அனுப்பும் வேகம், 154 மெகாஹெர்ட்ஸ். சிங்கிள் லிங்க் டிவிஐயின் எல்லை 165. தாராளமாக உள்ளே அடங்கும்.

டிவிஐ முனையில் 18+1 பின், 24+1 பின் என்று இரண்டு வகை கிடைக்கும். எது கிடைத்தாலும் வாங்குங்கள். மறுமுனை எச்டிஎம்ஐ என்பதால் கூடுதல் 6 பின்னும் சும்மாதான் கிடக்கும். 24+5 வகை மட்டும் வேண்டாம். ஒரு ஓரத்தில் நீளப் பட்டையைச் சுற்றி இருக்கும் அந்த 4 அனலாக் பின்களுக்கு டிவிஐ-டி சாக்கெட்டில் ஓட்டை இருக்காது, அழுத்தினால் வளைந்துவிடும்.

(இதே யோசனையை 30 இன்ச் 2560×1600 பழைய மானிட்டருக்கு யாரும் எடுத்துப் போகாதீர்கள். அவற்றுக்கு டூயல் லிங்க் வேண்டும். இந்தக் கேபிளில் 1280×800 வந்தாலே பெரிது.)


பழையபெட்டி:

மின்கம்பி சொன்னது சரி. விஜிஏ விஷயத்தை மட்டும் நான் சேர்த்துடறேன், ஏன்னா அந்த அறிகுறி வேற ஒன்றைச் சொல்லுது.

1024×768-ல் வந்து நிக்குதுன்னா லேப்டாப்புக்குப் படம் அனுப்பத் தெரியுது, எதிரே இருக்கறது யாருன்னு தெரியலை. டிவைஸ் மேனேஜரில் மானிட்டர்ஸ் பகுதியைத் திறந்து பாருங்க. மானிட்டரின் மாடல் பெயருக்குப் பதிலா "ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்"னு இருக்கும். விஜிஏவில் ஈடிஐடி வர்றது 12, 15-வது பின்னில். மலிவான விஜிஏ கேபிள்கள்ல இந்த ரெண்டு கம்பியை இழுக்காமலே விட்டுடுவாங்க, இல்லைன்னா பின்னே இருக்காது. கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடிச்சு எண்ணிப் பாருங்க. 9-வது பின் மட்டும் இல்லாம இருக்கறது சகஜம், அதை வச்சு முடிவு பண்ண வேண்டாம். 12-ம் 15-ம் இல்லைன்னா கேபிளைத் தூக்கிப் போட்டுடுங்க. பின் எல்லாம் இருந்தும் பெயர் வரலைன்னா அடாப்டர் மேல சந்தேகப்படலாம்.

எப்படியும் டிவிஐ கேபிள் வந்ததும் விஜிஏ தேவைப்படாது. ஆனா 7 நாள் முடியறதுக்குள்ள மானிட்டரை ரெண்டு விதமா சோதிச்சுடுங்க.

முதல்ல, எல்லா வீடியோ கேபிளையும் கழற்றிட்டு கரண்ட் மட்டும் கொடுத்து ஆன் பண்ணுங்க. கேபிள் இல்லைன்னோ சிக்னல் இல்லைன்னோ ஒரு பெட்டி திரையில் வரணும். அது வந்தா பேனல், பேக்லைட், பவர் சப்ளை மூணும் உயிரோட இருக்கு. ஒரு அரை மணி நேரம் மெனுவைத் திறந்து வச்சு, ஓரங்கள் மஞ்சளிக்குதா, வெளிச்சம் துடிக்குதான்னும் பார்த்துடுங்க.

அடுத்து டிபி போர்ட். ஆபீஸில் டிபி உள்ள டெஸ்க்டாப் இருக்குன்னு சொல்றீங்களே, ரெண்டு முனையும் டிபி உள்ள கேபிள் ஒன்றைப் போட்டு அங்கே மாட்டிப் பாருங்க. இப்போ உங்களுக்கு டிபி வேண்டாம்னாலும், நாளைக்கு லேப்டாப் மாறினா அதுதான் உதவும். செத்த போர்ட்டோட மானிட்டரை வச்சுக்காதீங்க.

டிபி டு டிபி கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். 20-வது பின் 3.3 வோல்ட் சப்ளை. விதிப்படி அந்த ஒரு கம்பி மட்டும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகவே கூடாது. சில மலிவு கேபிள்கள்ல அதையும் சேர்த்து இழுத்திருப்பாங்க. அப்போ மானிட்டரின் 3.3 வோல்ட் கம்ப்யூட்டருக்குள்ள பின்வழியா நுழையும். பிசி ஆன் ஆகாம அடம்பிடிக்கும், தூங்கப்போனா எழுந்திரிக்காது. மானிட்டர் பவரை எடுத்தா பிசி ஆன் ஆகுது, கொடுத்தா ஆக மாட்டேங்குதுன்னா முதல்ல அந்தக் கேபிளைத்தான் சந்தேகப்படணும்.


சிஸ்டம்சர்வீஸ்:

டைப்-சி வேலை செய்யலைன்னு அப்படியே விட்டுடாதீங்க ப்ரோ, அதையும் ஒரு முடிவுக்குக் கொண்டு வாங்க. மூணு இடத்தில் எங்கேயாவது அறுந்திருக்கும்.

1) போர்ட்டே வீடியோ கொடுக்காத போர்ட்டா இருக்கலாம். டைப்-சி ஓட்டை இருந்தாலே படம் வரும்னு கிடையாது. லேப்டாப்பில் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் குறி இருக்கான்னு பாருங்க. "டி" எழுத்துக்குள்ள "பி" இருக்கற மாதிரி சின்னம் இருந்தா டிபி ஆல்ட் மோடு, அதாவது டைப்-சி வழியா டிபி வீடியோ அனுப்பற வசதி, உண்டு. மின்னல் அம்பு இருந்தா தண்டர்போல்ட், அதிலும் உண்டு. வெறும் யுஎஸ்பி திரிசூலமும் பக்கத்தில் 5, 10-னு எண்ணும் இருந்தா அது டேட்டா வேகம், வீடியோவுக்கு உத்தரவாதம் இல்லை. குறியே இல்லைன்னா உங்க மாடல் எண்ணைப் போட்டு கம்பெனி தளத்தில் ஸ்பெக் ஷீட் எடுத்துப் படிங்க. ஒரே மாடல் பெயரில் ஐ3-க்கு டேட்டா மட்டும், ஐ5-க்கு டிபியும் சேர்த்துன்னு வேற வேறயா கொடுக்கற வழக்கமும் இருக்கு. அதனால முழு மாடல் எண்ணையே தேடுங்க. லேப்டாப் அடியில ஸ்டிக்கரில் இருக்கும்.

2) கேபிள். டைப்-சி டு டிபி கேபிளில் சிப் இருக்கும், அதுவும் பெரும்பாலும் ஒருவழிதான். உங்களுக்கு லேப்டாப் டைப்-சி, மானிட்டர் டிபி, அதாவது சாதாரணத் திசை, அதனால அங்கே சிக்கல் இல்லை. ரெண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிள் வச்சிருக்கறவங்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை: போன் சார்ஜர் கூட வர்ற கேபிளில் பவருக்கும் யுஎஸ்பி 2.0-க்கும் மட்டும்தான் கம்பி இருக்கும். வீடியோ போற அதிவேக ஜோடிகள் உள்ளேயே கிடையாது. சார்ஜ் ஆகும், படம் வராது.

3) டிரைவர். போர்ட், கேபிள் ரெண்டும் சரின்னா லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து பயாஸ், சிப்செட், கிராஃபிக்ஸ் இந்த வரிசையில் போட்டு, கடைசியா ஷட்டவுன் இல்லை, ரீஸ்டார்ட் கொடுங்க. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் கொடுக்கறது பாதித் தூக்கம்தான். கெர்னலும் டிரைவர்களும் பழைய நிலையிலேயே திரும்ப எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் சுத்தமா முதல்ல இருந்து ஆரம்பிக்கும்.

மாட்டினதும் "டிஸ்ப்ளே கனெக்‌ஷன் மைட் பி லிமிட்டட்"னு மூலையில் அறிவிப்பு வந்தா, விண்டோஸே டைப்-சி வீடியோ பேச்சு ஒத்துப்போகலைன்னு சொல்லுதுன்னு அர்த்தம். அப்போ 1, 2-ஐத் திரும்பப் பாருங்க.


மின்கம்பி:

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டோம். அந்த சுர்.

அதற்கும் டிடெக்ட் ஆகாததற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அப்படியே விட்டால் ஒரு நாள் சம்பந்தம் வந்துவிடும், எச்டிஎம்ஐ போர்ட் போய்விடும். மானிட்டரின் 3 பின் பிளக்கை 2 பின் கன்வர்ட்டரில் போட்டிருக்கிறீர்கள், இல்லையென்றால் வீட்டு சாக்கெட்டில் எர்த் கம்பியே இல்லை. இரண்டில் ஒன்று.

மானிட்டரின் பவர் சப்ளையில், இரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என வை-கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் மானிட்டரின் உலோகப் பாகமும் கேபிள் ஷீல்டும் 230-ல் பாதி, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் தூக்கி அடிக்காமல் சுர்ரென்று மட்டும் இருக்கிறது. நமக்குப் பெரிதில்லை, ஆனால் எச்டிஎம்ஐ சிப்பின் சிக்னல் கால்கள் 3.3 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. கனெக்டரின் வெளி உலோகம் முதலில் தொடும்படிதான் வடிவமைப்பு. ஆனால் கோணலாகச் செருகி, ஓடு தொடும் முன் பின் தொட்டுவிட்டால் அந்தக் கசிவு சிப் வழியாகப் போகும். பிறகு எந்த மானிட்டரை மாட்டினாலும் டிடெக்ட் ஆகாத லேப்டாப் மிஞ்சும்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க: மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். சாக்கெட்டை நேரே பார்த்தால் மேலே பெரிய ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 அளவில் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரண்டு வோல்ட், அவ்வளவுதான். ஃபேஸ்-எர்த் நடுவில் 60, 90 என்று தத்தளித்தால் எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. சாக்கெட்டில் கை வைத்துப் பழக்கமில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போடும் ஆளாக இல்லாமல் பார்த்து.

அதுவரை: மானிட்டர் பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். லேப்டாப் சார்ஜரையும் எடுங்கள். வீடியோ கேபிளை இரு முனையிலும் முழுதாகச் செருகுங்கள். அப்புறம் கரண்ட் கொடுங்கள். எடுக்கும்போதும் இதே ஒழுங்கு.


நெல்லைப்பையன்:

நன்றி எல்லோருக்கும். எச்டிஎம்ஐ டு டிவிஐ 24+1 கேபிள் போட்டேன். பிளக் உருவிட்டுத்தான் மாட்டினேன். உடனே மாடல் பெயரோட டிடெக்ட் ஆகி 1920×1200, 60 ஹெர்ட்ஸ் வந்துட்டுது. எர்த் விஷயம் சொன்னது சரி, 2 பின் கன்வர்ட்டர்தான் போட்டிருந்தேன், எடுத்துட்டேன். சுர் நின்னுடுச்சு. ஆபீஸில் டிபி-யும் பார்த்தாச்சு, வேலை செய்யுது.

டைப்-சி பக்கத்தில் திரிசூலம் மட்டும்தான். ஸ்பெக் ஷீட்டிலும் டேட்டா மட்டும்னு போட்டிருக்கு.

ஒரு சிக்கல் மிச்சம். லேப்டாப் ஸ்லீப் போய் எழுந்தால் பெரும்பாலும் மானிட்டர் திரும்ப வருவதில்லை. ஜன்னல் எல்லாம் லேப்டாப் திரைக்கு ஓடி வந்துடுது. கேபிளை உருவிச் செருகினால் சரியாகுது, ஆனா நீங்க சொன்னதுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் உருவப் பயமா இருக்கு.


சிஸ்டம்சர்வீஸ்:

உருவ வேண்டாம் ப்ரோ. விண்டோஸ் கீ + கண்ட்ரோல் + ஷிஃப்ட் + பி (B), நாலையும் சேர்த்து அழுத்துங்க. திரை ஒரு கணம் இருட்டாகி பீப்னு சத்தம் வரும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதுசா எழுந்து, போர்ட்டுகளைத் திரும்பத் தேடும். திறந்திருக்கற ஃபைல் எதுவும் மூடாது. இது அவசரத்துக்கு.

நிரந்தரமா சரி பண்ண, முதல்ல மானிட்டர் மெனுவில் இன்புட் சோர்ஸை "ஆட்டோ"விலிருந்து எடுத்து டிவிஐ-க்கே நிலையா வையுங்க. ஆட்டோவில் இருந்தா, லேப்டாப் எழுந்திரிக்கற நேரத்தில் மானிட்டர் விஜிஏ, டிபின்னு ஒவ்வொன்றா தேடிக்கிட்டிருக்கும். டிவிஐ-க்குத் திரும்பறதுக்குள்ள லேப்டாப் கேட்டுப் பார்த்துட்டு ஆள் இல்லைன்னு முடிவு பண்ணிடும். பழைய மானிட்டர்கள்ல இதுதான் அதிகம்.

அதுக்கும் சரியாகலைன்னா கிராஃபிக்ஸ் டிரைவர். விண்டோஸ் அப்டேட் தானா போட்டதை விட்டுட்டு லேப்டாப் கம்பெனி கொடுத்த பதிப்பைப் போடுங்க. ஒரு அப்டேட்டுக்கு அப்புறம்தான் தொல்லை ஆரம்பிச்சுதுன்னா டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர், ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் டேபில் "ரோல் பேக்" இருக்கும்.

ஜன்னல் இடம் மாறறதுக்கு: செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ். அங்கே மானிட்டர் இணைப்பைப் பொறுத்து ஜன்னல் இடங்களை நினைவில் வைக்கற டிக் இருக்கு. போட்டு வையுங்க.


கோவைத்தறி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். மேக்புக் ஏர், எம்1. டைப்-சி ஹப்பில் இரண்டு எச்டிஎம்ஐ இருக்கிறது. இரண்டு மானிட்டர் மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது. ஹப் பழுதா?


பழையபெட்டி:

ஹப் பழுதில்லைங்க. எம்1, எம்2 ஏர் ரெண்டும் வெளித் திரை ஒன்றுக்கு மேல தராது, சிப்பிலேயே உள்ள எல்லை. எம்3 ஏரில் மூடியை மூடி வச்சா ரெண்டு கிடைக்கும். எம்4-ல மூடியைத் திறந்து வச்சே ரெண்டு.

உங்க ஹப் ஒரே டிபி ஓடையை எம்எஸ்டி முறையில் ரெண்டாப் பிரிக்கற வகை. அதை விண்டோஸ் தனித்தனித் திரையா எடுத்துக்கும், மேக் ஓஎஸ் எடுத்துக்காது, ரெண்டிலும் ஒரே படத்தைக் காட்டும். வேணும்னா டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் வாங்கணும். அது படத்தை சாஃப்ட்வேரில் சுருக்கி யுஎஸ்பி டேட்டாவா அனுப்புது, அதனால அதோட ஆப்பைப் போட்டு ஸ்க்ரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுத்தாத்தான் ஓடும். கணக்கு வழக்கு, கோடிங், பிரவுசருக்குத் தாராளம். காப்புரிமைப் பூட்டு உள்ள ஓடிடி படங்கள் அந்தத் திரையில் கறுப்பாத்தான் வரும்.


நெல்லைப்பையன்:

இன்புட்டை டிவிஐ-க்கு நிலையா வச்சதுமே சரியாயிட்டுது, டிரைவர் பக்கம் போகவே இல்லை. கடைசியா ஒன்று: மானிட்டருக்கு அடியில் இருக்கற ஸ்பீக்கர் பாரில் சத்தம் வரலை. டிவிஐ என்பதாலா?


மின்கம்பி:

டிவிஐ வழியில் ஆடியோவை எதிர்பார்க்க வேண்டாம். அந்த பாரின் அடியிலோ ஓரத்திலோ 3.5 மிமீ ஜாக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து இரு முனையும் 3.5 உள்ள ஆக்ஸ் கேபிள் ஒன்று போதும். பிறகு டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் குறியை அழுத்தி அவுட்புட்டை ஹெட்போனுக்கு மாற்றிவிடுங்கள்.